வில்லாபுரம் கவுன்சிலர் லீலாவதி



தெருவிளக்கு எரியவில்லை, ஓடை அடைத்துக் கிடக்கிறது, தண்ணீர் வரவில்லை என்றால் நாம் முதலில் தேடுவது வார்டு கவுன்சிலரைத்தான். அந்தப் பதவியின் கஷ்டம் தெரிய மதுரைக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

நகராட்சிகளுக்கான 74வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பத்தாண்டுக்குப் பிறகு 1996 அக்டோபரில் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. அதில் மதுரை மாநகராட்சிக்கு, வில்லாபுரம் பகுதியிலிருந்து மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் தேர்வானவர் லீலாவதி. கைத்தறி நெசவுக் குடும்பத்துப் பெண். மாதர் சங்கத்தில் வேலை செய்தவர்.

வில்லாபுரத்தில் அப்போது குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மாநகராட்சித் தண்ணீர் வீட்டுப் பக்கம் வரவேண்டும் என்று லீலாவதி விடாமல் முயன்றார்.

கவுன்சிலருக்குத் தனியாக உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. மன்றத்தில் கேட்கலாம், தீர்மானத்துக்கு ஓட்டுப் போடலாம். நிறைவேற்றுவது ஆணையரும் அதிகாரிகளும். வங்கியில் நாங்கள் வவுச்சர் எழுதுவோம், பாஸ் பண்ணுவது மேலதிகாரி. அது போலத்தான். ஆகவே திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். அவர் நடந்தார்.

குழாயில் தண்ணீர் வந்தால் தண்ணீர் விற்பவருக்கு வருமானம் போகும். 1997 ஏப்ரல் 23 அன்று, பதவிக்கு வந்து ஆறு மாதத்தில், தெருவில் பட்டப்பகலில் லீலாவதி வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் சிலர் 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி முன்கூட்டியே விடுதலையானார்கள்.

நம் குலசேகரம் பேரூராட்சியில் அப்படிப்பட்ட பயம் இல்லை என்பது நிம்மதி. ஆனாலும் பாடம் உண்டு. ஓடையை மறித்த கட்டடத்தை எடுக்கச் சொன்னால் ஒருவருக்குக் கோபம் வரும். அந்த நேரம் கவுன்சிலர் தனியாக நின்றால் வேலை நின்றுபோகும்.

2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர் ஆட்சிதான். குறை சொல்லக்கூட ஓர் ஆள் இல்லாத காலம் அது.

ஆகவே மனு கொடுக்கும்போது ஒருவர் கையெழுத்தோடு விடாதீர்கள். தெருவே கையெழுத்துப் போடட்டும். நல்ல காரியத்துக்காக ஒரு கவுன்சிலர் பேசினால், அவர் பக்கத்தில் நாலு பேர் நிற்போம்.