பள்ளிக்கரணையின் எல்லை எந்தத் தாளில்?

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பரப்பு எவ்வளவு? ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் என்கிறார்கள் சூழலியலாளர்கள். 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது 317 ஹெக்டேர். 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது 1,247.54 ஹெக்டேர். பதினைந்து ஆண்டில் சதுப்பு நான்கு மடங்கு வளர்ந்துவிட்டதா என்ன? இந்தக் குழப்பத்தின் வேரைத் தேடித்தான் பழைய செங்கற்பட்டு ஆவணங்களுக்குள் நுழைந்தேன்.

1767 முதல் 1774 வரை, கிழக்கிந்தியக் கம்பெனியின் செங்கற்பட்டு ஜாகீர் ஊர்களைப் பொறியாளர் தாமஸ் பர்னார்டு ஊர்வாரியாக அளந்தார். நோக்கம் வருவாய்தான். ஆனாலும் நஞ்சை, புஞ்சையோடு ஏரி, ஆறு, காடு, உப்பளம் என எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்கில் இடம் இருந்தது. பின்னால் வந்த, உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையின் பதிவேடுகளில் கேள்வியே வேறு: இந்த நிலத்துக்குத் தீர்வை உண்டா, இல்லையா? தீர்வை இல்லையென்றால் புறம்போக்கு. சில மாதம் நீரும் மீனும், சில மாதம் கோரையும் மேய்ச்சலுமாகக் கிடக்கும் நிலம் ‘புறம்போக்கு’ என்ற கட்டத்துக்குள் விழுந்ததும் அதன் கதை மாறியது. குற்றவாளியைக் கைகாட்டச் சொன்னால் நான் காட்டுவது அந்தக் கட்டத்தைத்தான்.

புறம்போக்கு என்றால் சும்மா கிடக்கும் இடம். கேட்டவருக்கெல்லாம் கொடுக்கலாம். பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வந்தது, ரேடியல் சாலை குறுக்கே போனது, பறக்கும் ரயில் வந்தது. காற்றை ஆராயவும் கடலை ஆராயவும் மத்திய நிறுவனங்கள் வந்தன. சதுப்பை ஆராய அங்கே இடம் கேட்க அப்போது யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை!

உண்மையான தடயம் பதிவேட்டில் இல்லை, நிலத்தின் சரிவில் இருக்கிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை கீழ்க்கட்டளை, நாராயணபுரம் போன்ற ஏரிகள் வழியாக இங்கே இறங்கி, ஒக்கியம் மடுவில் புகுந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தை அடைகிறது. 2015 வெள்ளம் வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் பட்டா கேட்டுவிட்டு நுழையவில்லை.

ஆக, 317 என்பது அன்று காப்புக்காடாக எவ்வளவு சேர்ந்தது என்பதற்கான பதில். 1,247.54 என்பது ராம்சர் ஆவணத்தில் எவ்வளவு சேர்க்க முடிந்தது என்பதற்கானது. நீர் எதுவரை நிற்கும் என்ற கேள்விக்கு இரண்டுமே பதில் அல்ல. அந்தக் கேள்வி 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு வந்தது. ராம்சர் எல்லையும் அதன் தாக்க மண்டலமும் வரையறுக்கப்படும்வரை, ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் கட்டுமான அனுமதி தரக்கூடாது என்றது அமர்வு.

மேடவாக்கம், கோவிலம்பாக்கம், ஜல்லடியன்பேட்டை, பெரும்பாக்கம் பக்கத்துப் பழைய குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள மூலப்பத்திரங்களில் சக்குபந்தி எழுதியிருக்கும் பக்கத்தைப் புரட்டுங்கள். நான்கெல்லையில் ஓடை, மடுவு, கழுவெளி என்று ஏதேனும் இருந்தால் நகலெடுத்து, எல்லை அளக்க வருபவர்களிடம் கொடுங்கள்.