‘ஐ லவ் யூ’ நச்சுநிரலும் சட்டத்தின் வெற்றிடமும்: பிலிப்பைன்ஸ், 2000

முன்னுரை

கணினி நச்சுநிரல்களின் வரலாறு பெரும்பாலும் தொழில்நுட்ப வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றை இயற்றியவர்களைச் சமூகமும் சட்டமும் எவ்வாறு எதிர்கொண்டன என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. 2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து பரவத் தொடங்கிய ‘ஐ லவ் யூ’ நச்சுநிரல் இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க சான்றாகும். இதனை இயற்றியவர் விரைவில் அடையாளம் காணப்பட்டும் தண்டனை பெறவில்லை. அதற்கான காரணங்களையும் அதன் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நிரலின் இயங்குமுறை

தானே தன்னைப் பரப்பிக்கொள்ளும் இயல்புடைமையால் இது வகைப்பாட்டு நோக்கில் ‘புழு நிரல்’ எனப்படும். விசுவல் பேசிக் ஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட இந்நிரல், காதல் கடிதம் என்னும் பெயருடைய கோப்பாக மின்னஞ்சலில் இணைக்கப்பட்டு வந்தது. அறியப்பட்ட கோப்பு நீட்சிகளை விண்டோஸ் இயங்குதளம் இயல்பாகவே மறைத்துவிடும். எனவே இயங்கும் நிரலைக் குறிக்கும் இறுதி நீட்சி மறைந்து, சாதாரண உரைக்கோப்பாகவே பெறுநரின் கண்ணுக்குத் தோன்றியது.

கோப்பைத் திறந்தவுடன் அது அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் தன் படியை அனுப்பியது. 1999இல் பரவிய ‘மெலிசா’ முதல் 50 முகவரிகளோடு நின்றது. இதற்கோ அத்தகைய வரம்பு இல்லை. மேலும், இது படக்கோப்புகளை அழித்து அவற்றின் இடத்தில் தன்னை எழுதியது. கடவுச்சொற்களைத் திருடும் மற்றொரு நிரலையும் இணையத்திலிருந்து தருவிக்க முயன்றது. பிரிட்டனின் மக்களவை தன் மின்னஞ்சல் சேவையைத் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் பாதிப்புக்குள்ளானது. தெரிந்தவர் பெயரில் வந்த கடிதம் என்னும் நம்பிக்கையே இப்பரவலுக்கு ஊர்தியாயிற்று.

தடயமும் விசாரணையும்

நிரலின் மூல வரிகளிலேயே மணிலாவைச் சுட்டும் குறிப்பு இருந்தது. கடவுச்சொல் திருடும் நிரலும் பிலிப்பைன்ஸ் இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் பக்கங்களிலேயே வைக்கப்பட்டிருந்தது. இத்தடயங்களைப் பின்பற்றிய தேசியப் புலனாய்வுப் பிரிவினர் சில நாட்களிலேயே மணிலாவின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை அடைந்தனர். கணினிக் கல்லூரி மாணவராயிருந்த ஓனல் டி குஸ்மான் மீது ஐயம் திரும்பியது. பிறருடைய கடவுச்சொற்களைப் பெற்றுக் கட்டணமின்றி இணையத்தைப் பயன்படுத்தும் வழியை அவர் தம் பட்ட ஆய்வேட்டுத் திட்டமாக முன்வைத்திருந்தார். கல்லூரி அதனை ஏற்க மறுத்திருந்தது. மே 11 அன்று செய்தியாளர்களைச் சந்தித்த அவர், நிரல் தவறுதலாக வெளியேறியிருக்கக்கூடும் என்ற அளவிலேயே விடையளித்தார்.

சட்டத்தின் வெற்றிடம்

ஐயத்திற்குரியவர் கிடைத்தும் அவர்மீது சாட்டுதற்குரிய குற்றம் கிடைக்கவில்லை. நச்சுநிரல் பரப்புதலைக் குற்றமாக வரையறுத்த சட்டம் எதுவும் அன்று பிலிப்பைன்ஸில் இல்லை. எனவே 1998ஆம் ஆண்டின் அணுகு கருவிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழும் திருட்டுப் பிரிவின் கீழும் வழக்குத் தொடுக்க முயன்றனர். முன்னது கடனட்டை முறைகேடுகளை நோக்கமாகக் கொண்டது. அது இச்செயலுக்குப் பொருந்தாது என்று கண்ட நீதித்துறை அமைச்சகம், 2000 ஆகஸ்டில் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது. வேறொரு நாட்டிடம் ஒப்படைத்தலும் எளிதன்று. இரு நாடுகளிலும் ஒரு செயல் குற்றமாக இருத்தல் வேண்டும் என்னும் இரட்டைக் குற்றத்தன்மைக் கோட்பாடு அதற்குத் தடையாக நின்றது.

இதற்கிடையில், 2000 ஜூன் 14 அன்று மின்வணிகச் சட்டம் குடியரசுத் தலைவர் ஜோசப் எஸ்த்ராடாவின் கையொப்பம் பெற்றது. அதன் 33ஆம் பிரிவு நச்சுநிரல் புகுத்துதலுக்குக் குறைந்தது 1,00,000 பெசோ அபராதமும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் விதித்தது. ஆயினும் பின்னோக்கித் தண்டிக்கும் சட்டத்தை அந்நாட்டு அரசியலமைப்பு தடுப்பதால், மே மாதச் செயலுக்கு ஜூன் மாதச் சட்டம் பொருந்தவில்லை.

ஒப்பீடு

அமெரிக்காவில் 1986இலேயே கணினி மோசடிச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆகவே 1988ஆம் ஆண்டின் புழு நிரலை இயற்றிய ராபர்ட் மோரிஸ் 1990இல் தண்டிக்கப்பட்டார். அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணிநேரச் சமூகப் பணி, அபராதம் ஆகியன விதிக்கப்பட்டன. மெலிசாவை இயற்றியவர் 2002இல் 20 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். செயல்கள் ஒத்தவை எனினும், முன்னரே எழுதப்பட்ட சட்டம் இருந்தமையே விளைவுகளை வேறுபடுத்தியது.

இந்தியாவின் நிலையும் இங்கு எண்ணத்தக்கது. நச்சுநிரல் புகுத்துதலுக்கு இழப்பீடு வகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 ஜூன் 9 அன்று ஒப்புதல் பெற்று, அக்டோபர் 17 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. எனவே பிலிப்பைன்ஸின் வெற்றிடத்தை ஒரு நாட்டின் தனிக்குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. இரு நாடுகளிலும் கணினிக் குற்றம் மின்வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் ஒரு பகுதியாகவே முதலில் இடம்பெற்றது என்பதும் நோக்கத்தக்கது. கணினிக் குற்றத்திற்கெனத் தனிச்சட்டம் பிலிப்பைன்ஸில் 2012இல்தான் இயற்றப்பட்டது.

முடிவுரை

நிரலைத் தாமே எழுதியதாக டி குஸ்மான் ஒப்புக்கொண்ட செய்தி 2020இல் வெளியாயிற்று. இணையக் கட்டணம் செலுத்த வசதியின்மையே தம் நோக்கத்திற்குக் காரணம் என்றார் அவர். அவ்வொப்புதல் உண்மையைத் தெளிவாக்கியதேயன்றிச் சட்டநிலையை மாற்றவில்லை.

குற்றவாளி தப்பினார் என்று இந்நிகழ்வை முடித்துக்கூறுவது எளிது. ஆயின் செயலுக்குப் பின் சட்டம் இயற்றி அச்செயலைத் தண்டிக்கும் அதிகாரத்தை அரசிடம் அளித்தால், அது நச்சுநிரல் இயற்றியோரோடு நின்றுவிடாது. நாளை எக்குடிமகன் மீதும் பாயக்கூடும். உலகெங்கும் கண்டனம் எழுந்த சூழலிலும் பிலிப்பைன்ஸ் அவ்வதிகாரத்தைக் கையிலெடுக்கவில்லை. அதற்கு அது கொடுத்த விலை, ஒரு வழக்கு. தொழில்நுட்பத்தின் வேகத்திற்குப் பின்தங்கும் சட்டம் தன் தாமதத்தின் சுமையைத் தானே ஏற்க வேண்டும். அதனைக் குடிமக்களின் உரிமைமீது ஏற்றலாகாது என்பதே இந்நிகழ்வு வழி பெறப்படும் முடிவாகும்.