தவளையின் முன் நின்ற மாணவர்கள்

தவளைக்குத் தமிழில் பெரிய மரியாதை எதுவும் கிடைத்ததில்லை. தன் எல்லைக்கு அப்பால் உலகம் உண்டென்று அறியாதவனைக் கிணற்றுத் தவளை என்கிறோம். ஓயாமல் பேசுகிறவனுக்கும் அதைத்தான் உவமையாக்குகிறோம். நவீனக் கல்வி அதற்கு இன்னோர் இடத்தைக் கொடுத்தது: மெழுகு ஊற்றிய தட்டின் மேல், நான்கு கால்களிலும் ஊசி குத்தி மல்லாத்திக் கிடத்தப்பட்ட இடம். அறிவியல் பிரிவில் படித்த ஒரு தலைமுறைக்குத் தவளை என்றதும் நினைவில் எழுவது மழைக்கால இரவின் ஒலியல்ல, ஃபார்மலின் நெடிதான்.

அந்தத் தட்டிலிருந்து தவளையை வெளியே எடுத்தவர்கள் என்று இரு நிகழ்வுகளின் மாணவர்களைச் சொல்லலாம். இரண்டும் அமெரிக்காவில் நிகழ்ந்தவை. ஒன்று 1987இல் கலிஃபோர்னியாவில், மற்றொன்று 1995இல் மின்னசோட்டாவில். முன்னது விலங்கு நலம் பற்றியது, பின்னது சுற்றுச்சூழல் பற்றியது எனத் தனித்தனியாகவே எழுதப்பட்டு வந்திருக்கின்றன. இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஓர் உயிரின் முன் நிற்கும் மாணவனிடம் கல்வி எதை எதிர்பார்க்கிறது என்ற ஒரே கேள்வி இரண்டிலும் ஓடுவதைக் காணலாம்.

* * *

அறிவியலுக்குள் தவளையின் வருகை பழமையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியரான கால்வானி, வெட்டப்பட்ட தவளைக் கால்கள் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டு, 1791இல் அதைப் பற்றி எழுதினார். 1875இல் இங்கிலாந்தில் ஹக்ஸ்லியும் மார்ட்டினும் வெளியிட்ட செய்முறை உயிரியல் பாடநூல் தவளையை முதன்மையான மாதிரி உயிர்களுள் ஒன்றாக்கியது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் தவளை அறுவை ஏறக்குறைய ஒரு சடங்காகவே நிலைபெற்றது.

அதற்கான தவளைகள் பெரும்பாலும் காட்டுக் குளங்களிலிருந்தும் சதுப்புகளிலிருந்தும் பிடித்து வரப்பட்டன. மிகுதியாகப் பிடிக்கப்பட்டவற்றுள் ஒன்று வடக்குச் சிறுத்தைத் தவளை. பச்சை உடலில் கரும்புள்ளிகள் கொண்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இதன் எண்ணிக்கை கடுமையாகச் சரிந்தது. ஆய்வகங்களுக்கான வேட்டை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. நோயும் சதுப்புகளின் அழிவும் சேர்ந்தே அதைச் செய்தன. ஆனால் உயிரியலைக் கற்பிக்கும் முயற்சியே ஓர் உயிரினத்தின் மீது சுமையானது என்ற முரண் அப்போது தெரியத் தொடங்கியது.

* * *

1987இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் பதினைந்து வயதான ஜெனிஃபர் கிரகாம் என்ற மாணவி உயிரியல் வகுப்பில் தவளையை அறுக்க மறுத்தார். உயிரியலைக் கற்க அவர் மறுக்கவில்லை; பாடத்திற்காக ஓர் உயிர் கொல்லப்படுவதையே மறுத்தார். அவருடைய மதிப்பெண் குறைக்கப்பட, வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்திற்குச் சென்றது. நீதிபதி கண்ட வழி சற்று விசித்திரமானது: இயற்கையாக இறந்த தவளை ஒன்றைக் கொண்டு மாணவியைச் சோதிக்கலாம் என்றார். இயற்கையாக இறந்த தவளையைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் குளக்கரையில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

வழக்கைவிட முக்கியமானது அதையொட்டி 1988இல் கலிஃபோர்னியாவில் இயற்றப்பட்ட சட்டம். விலங்குகளுக்குத் தீங்கு செய்யும் பாடப் பயிற்சியிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை, பெற்றோரின் கடிதத்தோடு, பள்ளி மாணவருக்கு அது அளித்தது. ஆசிரியர் அதற்கு ஈடான வேறு பயிற்சியைத் தரலாம். அந்த மாற்றுப் பயிற்சி மூலப் பயிற்சிக்கு நிகரான நேரத்தையும் உழைப்பையும் கோருவதாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நுட்பமான கூறு. மனச்சான்று சோம்பலுக்கு மறைப்பாகிவிடக் கூடாது. தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆகிவிடக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரக் காத்துக்கொண்ட சட்டம் அது.

* * *

எட்டாண்டுகள் கழித்து, 1995 ஆகஸ்டில், மின்னசோட்டா மாநிலத்தின் ஹெண்டர்சன் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணைக் குட்டைக்குச் சில மாணவர்கள் தங்கள் ஆசிரியையுடன் சென்றார்கள். அவர்கள் படித்தது மின்னசோட்டா நியூ கண்ட்ரி ஸ்கூல் என்ற பள்ளியில். அரசு நிதியில் தன்னாட்சியுடன் இயங்கும் அப்பள்ளி அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்தது. வழக்கமான பாடவேளைகளுக்குப் பதிலாக, மாணவர்கள் தாமே தேர்ந்து செய்யும் செயல்திட்டங்களின் வழியே கற்பிப்பது அதன் முறை.

அன்று அவர்கள் தவளைகளைத் தேடிப் போகவில்லை. இயற்கையைக் காணவே போனார்கள். பிடித்த சிறுத்தைத் தவளைகளில் ஒன்றின் பின்னங்கால் வளைந்து கிடந்தது. தாங்கள்தாம் அதைக் காயப்படுத்திவிட்டோமோ என்பது அவர்களின் முதல் ஐயம். அடுத்தடுத்துப் பிடித்தவற்றில் ஏறத்தாழப் பாதி அதே போலிருந்தன. சிலவற்றுக்குக் கால் இல்லை. சிலவற்றுக்குக் கால் குட்டையாக, முறுக்கிக்கொண்டு இருந்தது.

இங்கேதான் அந்தப் பள்ளியின் முறை துணைநின்றது. பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டபோது அதைத் தள்ளிவிட்டுப் பாடத்திற்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. எண்ணினார்கள், படமெடுத்தார்கள், குறித்துவைத்தார்கள். ஆசிரியை மாநில மாசுக் கட்டுப்பாட்டு முகமைக்குத் தகவல் தந்தார். அங்கே பணியாற்றிய உயிரியலாளர் ஜூடி ஹெல்கன் அதைப் பிள்ளைகள் விளையாட்டென்று ஒதுக்கவில்லை. அடுத்த ஆண்டு மாணவர்கள் மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார்கள். ஆய்வுக்கு நிதி ஒதுக்கப்பட்டது. 1996இன் இறுதிக்குள் மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களிலிருந்து இத்தகைய தவளைகள் பற்றிய செய்திகள் வந்துசேர்ந்தன. 1997இல் வட அமெரிக்கா முழுவதிலுமிருந்து இந்தத் தகவல்களைத் திரட்ட ஒரு பதிவு மையமே நிறுவப்பட்டது.

* * *

வழக்கமான கதையாக இருந்தால் இதன் பிறகு குற்றவாளி அகப்பட்டிருப்பான். வரலாறு அப்படிச் செல்லவில்லை.

குட்டை நீரில் வளர்த்த ஆப்பிரிக்க நகத்தவளையின் கருக்களில் ஊனம் தோன்றியதாக 1997இல் மின்னசோட்டாவில் அறிவித்தார்கள். அந்த இடங்களுக்கு அருகே வாழ்ந்த குடும்பங்களுக்குப் புட்டிநீர் வழங்கப்பட்டது. வேறோர் ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் அதை மறுத்தார்கள்: நீரிலுள்ள தாது உப்புகளின் குறைவே அந்த விளைவைத் தந்திருக்கலாம் என்றார்கள். பூச்சிக்கொல்லி என்றனர் சிலர், புற ஊதாக் கதிர் என்றனர் சிலர்.

இன்னொரு விடை முற்றிலும் வேறு திசையிலிருந்து வந்தது. 1990லேயே ஸ்டான்லி செஷன்ஸ், தட்டைப்புழு ஒன்றின் கூடுகள் கால் முளைகளில் தங்குவதால் கூடுதல் கால்கள் முளைக்கலாம் என்று காட்டியிருந்தார். புழுக்கூட்டின் அளவேயான சிறு மணிகளைக் கால் முளையில் பதித்து அவர் அதைச் சோதித்தார். 1999இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பீட்டர் ஜான்சன், இளங்கலை மாணவராக இருந்தபோது தொடங்கிய ஆய்வின் மூலம், ரிபைரோயா என்னும் தட்டைப்புழுவே கலிஃபோர்னியக் குளங்களின் ஊனத்திற்குக் காரணம் என்று நிறுவினார். இப்புழு முதலில் நத்தையில் வளர்கிறது. பின் தலைப்பிரட்டையின் கால் முளைக்குள் துளைத்து நுழைகிறது. கால் கோணிய தவளை ஓட முடியாமல் நீர்ப்பறவைக்கு இரையாக, பறவையின் வயிற்றில் முதிர்ச்சி அடைகிறது. தவளையின் ஊனம் புழுவுக்குப் பயணச்சீட்டு.

அப்படியானால் இது இயற்கையின் விளையாட்டு, மனிதருக்குப் பங்கில்லை என்று முடித்துவிடலாமா? 2002இல் கீசெக்கர் பென்சில்வேனியக் குளங்களில் செய்த ஆய்வு, புழு இல்லாமல் ஊனம் இல்லை, ஆனால் வேளாண் கழிவு கலக்கும் நீரில் ஊனம் கூடுகிறது என்றது. பூச்சிக்கொல்லி தலைப்பிரட்டையின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது. 2007இல் ஜான்சன் குழுவினர், உரச்சத்து மிகுந்த நீரில் பாசி பெருகி, அதைத் தின்னும் நத்தை பெருகி, நத்தையால் புழு பெருகுவதைக் காட்டினார்கள். மின்னசோட்டாவில் அதிகம் காணப்பட்ட கால் இல்லாத தவளைகளைப் புழு ஒன்றே விளக்கவில்லை. தட்டானின் இளம்பருவப் பூச்சிகள் தலைப்பிரட்டையின் காலைக் கடித்துத் துண்டிக்கின்றன என்று 2009இல் பேலஞ்சேயும் செஷன்சும் வேறிடத்து ஆய்வில் காட்டினர். அமெரிக்கக் காட்டுயிர்ப் புகலிடங்களில் பத்தாண்டுகள் நடந்த கணக்கெடுப்பின் முடிவுகள் 2013இல் வந்தன: பொதுவாக நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவான தவளைகளே ஊனமுற்றவை, ஆனால் சில இடங்களில் அந்த விகிதம் மிக உயர்ந்து குவிந்திருந்தது. அதற்குள், 2001இலேயே மின்னசோட்டா மாநிலம் தவளை ஆய்வுக்கான நிதியை நிறுத்திவிட்டது.

இதை ஒரு தோல்வி என்று படிப்பவர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒற்றைக் காரணத்தைத் தேடிப் போனவர்களுக்கு உரமும் பாசியும் நத்தையும் புழுவும் பறவையும் கோத்துக்கொண்டிருக்கும் ஒரு சங்கிலி தென்பட்டது. சூழலியல் என்ற சொல்லின் பொருளே அதுதான். முதல் கண்ணியைத் தொட்டவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.

* * *

கிரகாமின் மறுப்பையும் மின்னசோட்டா மாணவர்களின் கவனிப்பையும் எதிரெதிராக நிறுத்துவது எளிது: ஒருவர் விலகினார், மற்றவர்கள் நெருங்கினார்கள். உண்மையில் இருவரும் செய்தது ஒன்றே. தம் முன் இருந்த தவளையை ஒரு ‘மாதிரி’யாக அல்லாமல் ஒரு தவளையாகப் பார்த்தார்கள். ஆனால் சிக்கல் இத்துடன் தீரவில்லை. மின்னசோட்டாவில் ஊனம் உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்று அறிய டேவிட் ஹாப்பி என்ற ஆய்வாளருக்கு உதவியவற்றுள், 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் சேகரித்துப் பாதுகாக்கப்பட்ட இறந்த தவளைகளும் அடங்கும். பழையவற்றில் ஊனம் மிக அரிது. புதியவற்றில் அது பல மடங்கு. அன்று கொன்று சேமித்தவை இன்று சாட்சி சொல்கின்றன. ஆகவே, கொல்லாமையைப் பேசும் நாம் அந்தக் கண்ணாடிக் குடுவைகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அறியப்படாத ஒன்றை அறிவதற்கான சேகரிப்பு வேறு. எல்லா நூல்களிலும் அச்சாகிவிட்ட இதயத்தின் மூன்று அறைகளை ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மாணவனும் மறுபடி அறுத்துப் பார்ப்பது வேறு. இந்த வேறுபாட்டையே நான் பதிலாகக் கருதுகிறேன்.

இந்தியாவும் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. தவளைக் கால்களை ஏற்றுமதி செய்வதில் முன்னணியில் இருந்த நம் நாடு, 1987இல், கிரகாம் கத்தியைத் தொட மறுத்த அதே ஆண்டில், அவ்வணிகத்தைத் தடைசெய்தது. வயல்களில் பூச்சிகளைத் தின்னும் தவளை அருகுவது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு 2011இலும் 2014இலும் எடுத்த நடவடிக்கைகளால் நம் கல்லூரிகளின் விலங்கியல் ஆய்வகங்களிலிருந்தும் அறுவைத் தட்டு வெளியேறியது.

தட்டு காலியாகிவிட்டது, நல்லது. அந்த இடத்தில் எதை வைத்தோம் என்பதே இப்போதைய கேள்வி. செயல்திட்டம் என்ற சொல் நம் பள்ளிகளில் தெர்மாகோல் அட்டையாகவும், எழுதுபொருள் கடையில் வாங்கி ஒட்டும் படத்தாளாகவும் சுருங்கி நிற்கிறது. விடை முன்பே தெரிந்த கேள்விகளைத்தான் நாம் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். மின்னசோட்டாவின் அந்தக் குட்டை இருந்த நிலம் பிற்காலத்தில் இயற்கைக் கல்வி மையமாகியது. நம் ஊர்களிலும் குட்டைகளுக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் அங்கே எத்தனை தவளைகள் கத்துகின்றன, எந்த மாதத்தில் தலைப்பிரட்டைகள் தோன்றுகின்றன, எந்த வயலின் வடிகால் அதில் கலக்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க ஆய்வகமும் கத்தியும் தேவையில்லை. குனிந்து பார்க்க அனுமதி ஒன்றே போதும்.