மாசும் மின்சாரமும்

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பது நாம் பள்ளியில் கற்ற பாடம். அப்பாடம் பொய்த்துப்போன வரலாறு தமிழ் படித்த நமக்கும் சுவையானது. ஏனெனில் அதன் நடுவே நிற்பது ‘மாசு’ என்னும் சொல்.

1967ஆம் ஆண்டு, டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடெகி ஷிரகாவா அசிட்டிலீன் வாயுவைப் பலபடியாக்கும் வினையை ஆராய்ந்துகொண்டிருந்தார். கொரியாவிலிருந்து வந்திருந்த பியோன் ஹியோங் ஜிக் செய்த சோதனை ஒன்றில் வினையூக்கி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மிகுந்துவிட்டது. கரிய தூளுக்குப் பதில் பளபளக்கும் படலம் கிடைத்தது. ஷிரகாவா அதனை எறிந்துவிடாமல் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். உலோகம்போல் மின்னினாலும் அது மின்சாரத்தைச் சரிவரக் கடத்தவில்லை.

1975இல் டோக்கியோ வந்த வேதியியல் அறிஞர் ஆலன் மெக்டையார்மிட், ஷிரகாவாவைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். அங்கே இயற்பியல் அறிஞர் ஆலன் ஹீகரும் இணைந்தார். கடத்துதிறனைக் கூட்ட எண்ணிப் படலத்தைத் தூய்மையாக்கினர். தூய்மை ஏற ஏறக் கடத்துதிறன் இறங்கியது. அப்படியானால் இதுவரை கடத்தியது மாசுதானோ என்ற ஐயம் எழுந்தது. 1976 நவம்பர் 23 அன்று படலத்தின்மீது புரோமின் ஆவியைச் செலுத்தினர். சில நிமிடங்களில் கடத்துதிறன் பல இலட்சம் மடங்கு உயர்ந்தது.

இப்பலபடியின் கார்பன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி அமைந்துள்ளன. புரோமினோ அயோடினோ அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கும்போது, காலியான இடத்தை நோக்கி அண்டை எலக்ட்ரான் நகர்கிறது. மின்னூட்டம் சங்கிலி நெடுகப் பயணிக்கிறது. இதனைத் தமிழில் ‘மாசூட்டல்’ என்கிறோம். நம் இலக்கியத்தில் மாசு என்றால் குற்றம். இங்கோ அதுவே உயிர்.

எனினும் மாசு மட்டும் போதாது. சங்கிலிகள் ஒழுங்காகவும் அமைய வேண்டும். 1987இல் ஜெர்மனியில் நார்மனும் தியோஃபிலூவும் குறைகள் குறைந்த படலத்தை இழுத்து நீட்டி, சங்கிலிகளை ஒரே திசையில் நிறுத்தி, அயோடினை ஊட்டினர். கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1 இலட்சம் சீமென்ஸைக் கடந்தது. செம்புக்கே அது ஏறத்தாழ 6 இலட்சம்தான்.

2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஷிரகாவா, மெக்டையார்மிட், ஹீகர் மூவருக்கும் கிடைத்தது. 1963இலேயே ஆஸ்திரேலியாவில் வைஸ் குழுவினர் அயோடின் ஏற்ற வேறொரு பலபடி மின்சாரம் கடத்துவதை வெளியிட்டிருந்தனர். அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பியோனின் பெயரையும் பலர் அறியார். ‘தவறால் விளைந்த கண்டுபிடிப்பு’ என்று இக்கதையைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். தவறு ஒருநாளில் நேர்ந்தது. அதற்கும் புரோமின் சோதனைக்கும் இடையே ஒன்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. வரலாறு எழுதும்போது அந்த ஒன்பது ஆண்டுகளையும், பட்டியலில் இடம்பெறாத பெயர்களையும் நாம் சேர்த்தே எழுத வேண்டும்.