தோற்ற நாட்டின் வென்ற தளபதி

முதலாம் உலக மகாயுத்தத்தைப் படிப்பிக்கும்போது நாம் கரும்பலகையில் இரண்டு நிரல்கள் வரைவோம். ஒன்றில் நேச நாடுகள், மற்றதில் மைய நாடுகள். இரண்டாவது நிரலின் கடைசியில் பல்கேரியா வரும். அந்த நாட்டுத் தளபதி ஒருவரைப் பற்றியது இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

விளாடிமிர் வாசோவ் 1868இல் சோப்பொட் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்போது பல்கேரியா உஸ்மானிய ஆட்சியின் கீழ் இருந்தது. 1877இல் ரஷ்ய-துருக்கி யுத்தத்தின்போது அந்த ஊர் எரிக்கப்பட்டது. அவருடைய தந்தையும் உஸ்மானியத் தரப்பினரால் கொல்லப்பட்டார். உஸ்மானியர் வரலாற்றை நாம் பெருமையோடு பேசுகிறோம். அந்த ஆட்சியின் கீழ் இப்படி இழந்தவர்களின் கதையும் அதே வரலாற்றின் ஒரு பக்கம்தான். அதையும் வாசிக்கத் தெரிய வேண்டும்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் சாதாரணமானவர்கள் அல்ல. மூத்தவர் இவான் வாசோவ், பல்கேரியாவின் தேசிய எழுத்தாளர். இன்னொரு சகோதரர் ஜோர்ஜி, 1913இல் உஸ்மானியரின் எதிர்னே கோட்டையைக் கைப்பற்றிய தாக்குதலில் கிழக்கு முனைக்குத் தலைமை தாங்கிய தளபதி. விளாடிமிர் பீரங்கிப் படை அதிகாரியானார்.

ஆனால் 1915இல் பல்கேரியா யாருடைய பக்கம் யுத்தத்தில் இறங்கியது? ஜேர்மனியின் பக்கம், அதாவது உஸ்மானியரின் பக்கம். தந்தையைக் கொன்ற தரப்பு இப்போது நட்பு நாடு!

டொய்ரான் ஏரிக்கரை மலைகளில் பிளேவன் படைப்பிரிவுக்கு வாசோவ் தலைமை தாங்கினார். கொங்கிரீட் காவலரண்கள், முட்கம்பி வேலிகள், இடம் பார்த்து நிறுத்திய பீரங்கிகள் எனத் தன் பாதுகாப்பு வரிசையைப் பலப்படுத்தினார். 1917இல் பிரித்தானியப் படை மோதிப் பின்வாங்கியது. 1918 செப்டெம்பர் 18, 19இல் கிரேக்கப் படையுடன் சேர்ந்து மீண்டும் வந்தது. சுமார் 7,000 பேரை இழந்தும் அந்த வரிசையை உடைக்க முடியவில்லை.

இருந்தும் பலன் கிடைக்கவில்லை. சில நாட்களுக்கு முன்பே மேற்கே டொப்ரோ பொல்யேயில் பிரெஞ்சு, சேர்பியப் படைகள் முன்னரங்கை உடைத்துவிட்டன. வென்ற இடத்தை விட்டு வாசோவின் படையும் பின்வாங்க நேர்ந்தது. செப்டெம்பர் 29இல் பல்கேரியா போர்நிறுத்தத்தில் கையொப்பமிட்டது.

1920இல் ஓய்வு பெற்ற வாசோவ், 1926 முதல் 1932 வரை தலைநகர் சோபியாவின் மேயராகப் பணியாற்றினார். அதன் பின் 1936இல் ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர்கள் பிரித்தானிய முன்னாள் படைவீரர் சங்கத்தினர். தம் தோழர்களை அந்த மலைகளில் பறிகொடுத்தவர்களின் நாடு, அந்தத் தளபதியை லண்டனில் மரியாதையோடு வரவேற்றது. 1945இல் அவர் காலமானார்.

அந்த வரவேற்பால் இறந்தவர்கள் எழுந்து வரவில்லை. பிரித்தானியப் படையினரின் நினைவுத்தூண் டொய்ரானில் இன்றும் நிற்கிறது. யுத்தத்தை அழகாக்கிக் காட்ட இதை நாம் எழுதவில்லை. ஒரே மனிதரின் வாழ்நாளில் எதிரி கூட்டாளியானதையும், இன்னோர் எதிரி விருந்துக்கு அழைத்ததையும் காட்டவே எழுதினோம்.

எனவே ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு "இவர்கள் எதிரிகள்" என்று சொல்லும்போது எந்த ஆண்டில், என்ன காரணத்தால் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம். பரீட்சைக்கு இரண்டு நிரல்கள் போதும். மனிதர்களோடு வாழ்வதற்கு அது போதாது.