எர்த் எண்டால் மண் இல்லை: யாழ்ப்பாணத்துப் பழைய கார்களின் மின்சாரக் கதை

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றி எழுதுகிற எல்லாரும் மண்ணெண்ணெயில்தான் தொடங்குவினம். கொஞ்சப் பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடின கதை. உண்மைக் கதைதான். நாங்களும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தனாங்கள். ஆனால் பொனற்றுக்குள்ள இருந்த மின்சாரத்தைப் பற்றி ஆரும் பெரிசாக் கதைக்கிறதில்லை. பற்றறியும் தடைப்பட்டியலில் இருந்த காலத்தில அந்தக் கார்கள் எப்பிடித் தீப்பொறி எடுத்தன? இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, பற்றறியிலிருந்து காரின்ர இரும்பு உடம்புக்குப் போகிற ஒரு கட்டை வயரில் இருக்கு. கராஜ்காரர் அதை எர்த் எண்டுவினம்.

பெயர்தான் எர்த். மண்ணோட அதுக்கு ஒரு தொடர்பும் இல்லை. கார் நிக்கிறது ரப்பர் ரயரில. மின்சாரம் ஓடுறதுக்குச் சுற்று முழுமையாக வேணும். ஒவ்வொரு லைற்றுக்கும் போக ஒண்டு, திரும்ப ஒண்டு எண்டு இரண்டு வயர் இழுக்காமல், திரும்புகிற பாதையாக உடம்பையே பாவிச்சினம். செம்பு மிச்சம், வேலையும் மிச்சம். ஆனால் அந்தப் பாதை முழுக்க, ஒரு போல்ட்டுக்குக் கீழ இருக்கிற காசளவு வெற்று இரும்பை நம்பித்தான் இருக்கு. அந்த இடத்தில் துருவோ பெயின்ற்றோ ஏறினால் பாதை அடைபட்டுப்போகும்.

எங்கட ஊருக்கு வந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ் எல்லாத்திலும் மின்சாரச் சாமான் பெரும்பாலும் லூக்காஸ். அந்தக் கொம்பனியைத் தொடங்கின ஜோசப் லூக்காஸ், பேர்மிங்ஹாமில தள்ளுவண்டியில விளக்கெண்ணெய் வித்தவர். அதுவும் எங்கட மண்ணெண்ணெய் மாதிரிச் சரக்குத்தான். பிறகு சைக்கிள் விளக்கு, பிறகு கார்களுக்கு டைனமோவும் ஸ்டார்ட்டரும். 1930களின் நடுப்பகுதியிலிருந்து பிரித்தானியக் கார்களில் பற்றறியின் நேர்முனையை உடம்போட பூட்டுறது வழமையாச்சு. அதாவது பொசிற்றிவ் எர்த். இண்டைக்கு நாங்கள் காணுற கார்களுக்கு நேர் எதிர்.

ஏன் அப்பிடிச் செய்தவை? இரண்டு காரணம் சொல்லுவினம். பிளக்கின்ர நடு முனை சூடானது. அது எதிர்முனையாக இருந்தால் பொறி குறைஞ்ச வோல்ற்றிலேயே பாயும். மற்றது துரு. ஈரம் பட்ட இடத்தில் நேர்முனைப் பக்கத்து உலோகம்தான் அரிபடும். மெல்லிய செம்புக் கம்பி அரிபடுறதைவிட தடிச்ச இரும்பு உடம்பு அரிபடட்டும் எண்ட கணக்கு. தொலைபேசி நிலையங்களிலும் நேர்முனையை நிலத்தோட இணைச்சது இந்தத் துருக் கணக்காலதான். அமெரிக்காவில ஃபோர்ட் 1956இல் 12 வோல்ற்றுக்கு மாறினபோது நெகற்றிவ் எர்த்துக்கு வந்திட்டுது. பிரித்தானியர் 1960களின் பிற்பகுதி வரைக்கும் இழுத்தவை. அதுக்குப் பிறகு டையோட் வைச்ச ஒல்ற்றர்னேற்றரும் ட்ரான்சிஸ்டர் றேடியோவும் வர, உலகம் முழுக்க நெகற்றிவ் எர்த் எண்டு முடிஞ்சுது.

இங்க அது முடியேல்லை. 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கினது. 1977 வரைக்கும் புதுக் கார் வாறது அருமை. 50களில வந்த கார்களை ஓட்டிக்கொண்டே இருக்கவேண்டி வந்தது. 77க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்தன, அவை நெகற்றிவ் எர்த். ஒரே கராஜில இரண்டு விதமும் நிக்கும். ஒரு காரிலிருந்து மற்றக் காருக்கு வயர் குடுத்து ஸ்டார்ட் பண்ணேக்க பம்பரும் பம்பரும் முட்டக்கூடாது: இரண்டு உடம்பும் எதிரெதிர் முனை, முட்டினால் நேரே ஷோர்ட். டைனமோக் காரில பற்றறியை மாறிப் பூட்டினாலும் உடனே எல்லாம் செத்துப்போகாது. டைனமோவுக்கு ஒருக்கா மின்சாரம் தொட்டுக் காட்டினால் அது முனையை மாத்திக்கொள்ளும். ஒல்ற்றர்னேற்றர்க் காரில டையோட் அந்த நொடியே போயிடும்.

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்க, குடாநாட்டுக்கு மின்சாரம் நிண்டது; பெற்றோல், பற்றறி எல்லாம் தடை. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் றேடியோ கேட்டவை. இந்த நிலைமையில ஒரு கிழட்டுப் பற்றறியை வைச்சுக் காரை ஓட்டுறது எப்பிடி எண்டு கணக்குப் பாருங்கோ. ஸ்டார்ட்டர் சுத்த 100 அம்பியருக்கு மேல வேணும். பொறி எடுக்கிற கொயிலுக்கு மூண்டு நாலு அம்பியர் போதும். ஆகவே ஸ்டார்ட்டரை விட்டுட்டு ஹான்டிலைச் சுத்தினால், அல்லது ஆக்கள் சேர்ந்து தள்ளினால், செத்துக்கொண்டிருக்கிற பற்றறியும் பொறியைக் குடுக்கும். ஆனால் மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் பிளக்கில கரி பிடிக்கும். கரி பிடிச்ச பிளக்குக்கு நல்ல பொறி வேணும். நல்ல பொறிக்கு, இருக்கிற கொஞ்ச வோல்ற் வழியில களவு போகாமல் வரவேணும். ஸ்டார்ட்டர் 150 அம்பியர் இழுக்கேக்க எர்த்தில வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ற் அங்கேயே போயிடும். புதுப் பற்றறி எண்டால் தாங்கும். தடைக்காலத்துப் பற்றறி எங்க தாங்கிறது?

அதாலதான் எர்த்தைச் சுரண்டித் துப்பரவாக்கிறது ஒரு சடங்கு மாதிரி நடந்தது. நாங்கள் கதைச்ச மூத்த மெக்கானிக்மார் மீற்றரே இல்லாமல் கண்டுபிடிக்கிற வழிகளைச் சொல்லிச்சினம். சிக்னல் போடேக்க பின் லைற்றும் சேர்ந்து மங்கி மங்கி எரிஞ்சால், அந்த லைற்றுக்கு எர்த் இல்லை. மின்சாரம் பக்கத்துப் பல்ப்புக்குள்ளால வழி தேடுது. ஸ்டார்ட் பண்ணேக்க சோக் கேபிள் சுட்டால், எஞ்சினையும் உடம்பையும் இணைக்கிற பின்னல் பட்டி அறுந்துபோச்சு. எஞ்சின் இருக்கிறது ரப்பரில. பட்டி இல்லாட்டி அத்தனை மின்சாரமும் அந்த மெல்லிய கேபிளாலதான் திரும்பவேணும். சில வேளை புகையே வரும்.

இங்கிலாந்துக்காரர் லூக்காஸை இருட்டின் இளவரசன் எண்டு பகிடி பண்ணுவினம். எங்களுக்கு அந்தப் பகிடியில முழு உடன்பாடு இல்லை. லூக்காஸ் சாமான் எண்டு பழி விழுந்ததில் ஒரு பங்கு, ஆரும் துடைக்காத ஒரு போல்ட்டின்ர குற்றம். கடற்காத்து வீசுற குடாநாட்டில, புதுப் பாகம் ஒண்டும் கிடைக்காமல், அதே சாமான் 40 வருசத்துக்கு மேல ஓடினது. இன்னொண்டும் சொல்லவேணும். அதே 90களில இதே தீவில் மொறிஸ் மைனருக்குத் தகடு அடிச்சு இங்கிலாந்துக்கு ஏத்திக்கொண்டிருந்தவை. ஒரு பக்கம் ஏற்றுமதி, மற்றப் பக்கம் பற்றறிக்குத் தடை.

இப்ப இந்தக் கார்கள் கலியாண வீட்டுக்கும் சேகரிப்பாளருக்கும் போகுது. போறதுக்கு முதல் முழுக்கச் சுரண்டிப் பெயின்ற் அடிக்கினம். எர்த் போல்ட்டுக்குக் கீழயும் சேர்த்து அடிச்சால் கண்ணாடி மாதிரி மினுங்குற காரில லைற் எரியாது. நெகற்றிவ் எர்த்துக்கு மாத்தி ஒல்ற்றர்னேற்றரும் போட்டுவிடுகினம். ஓடுறதுக்கு அது வசதி, அதைப் பிழை சொல்ல நாங்கள் வரேல்லை. ஆனால் பழைய டைனமோவும், யுத்த காலத்தில கண்ட கண்ட வயரை முறுக்கிச் செய்த எர்த் பட்டியும் பழைய இரும்புக்காரரிட்டப் போகுது. அதைச் செய்த கைகளுக்கும் வயசு போகுது. உங்கட வீட்டிலோ அயலிலோ அப்பிடி ஒரு கார் நிண்டால், மாத்த முதல் பொனற்றைத் திறந்து பாருங்கோ. எந்த முனை உடம்பில பூட்டியிருக்கு, பட்டி என்னத்தில செய்தது, ஆர் எப்ப செய்தவர் எண்டு கேட்டு எழுதி, ஒரு படமும் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கோ.