எழுத்தர் பயிற்சியிலிருந்து புத்தாய்வு வரை: அரசுப் பணியின் வாசலில் நம் பிள்ளைகள்



சிந்தாதிரிப்பேட்டையில் நாம் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவுக்கு அண்மையில் ஒருநாள் மஃரிபுக்குப் பின் ஒரு தாய் வந்தார். சிறு வயதில் நம்மிடம் குர்ஆன் ஓதிய அவருடைய மகள், இப்போது சமூகப் பணியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றிருக்கிறார். தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் ஆசை. தாய்க்கோ தயக்கம்.

“ஹஜ்ரத், ரெண்டு வருஷம் பயிற்சி மாதிரி வேலையாம். முடிஞ்சதும் நிரந்தர உத்தியோகம் கிடையாதாம். மாப்பிள்ளை பார்க்கிற நேரத்துல இது எதுக்கு? நம்ம சனத்துல இதெல்லாம் வழக்கமா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விகள். மாப்பிள்ளை பார்ப்பது குடும்பம் கூடிப் பேசித் தீர்க்க வேண்டிய காரியம். ஆனால், ‘நம் மக்களில் இது வழக்கமா’ என்ற கேள்விக்கு வரலாற்றில் விடை இருக்கிறது. அதை அந்தத் தாய்க்கு மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், எல்லாப் பெற்றோருக்கும் சொல்வது நலம் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் சிறுவர். நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர். யூதர்களுடன் நடக்கும் கடிதப் போக்குவரத்துக்காக அவர்களுடைய எழுத்தைக் கற்குமாறு நபியவர்கள் அவரைப் பணித்தார்கள். ஏறத்தாழ அரை மாதத்திற்குள் அவர் அதைக் கற்றுத் தேர்ந்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அதன்பின் அக்கடிதங்களைப் படித்துக் காட்டுவதும் மறுமொழி எழுதுவதும் அவருடைய பொறுப்பாயின. அந்த இளம் எழுத்தரிடமே, அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில், குர்ஆனை ஒன்றுதிரட்டும் மாபெரும் பணி ஒப்படைக்கப்பட்டது. சிறிய பொறுப்பில் பழகிய கை பெரிய பொறுப்பைத் தாங்கியது.

மக்கா வெற்றிக்குப் பின் அந்நகரின் ஆளுநராக நியமிக்கப்பட்ட அத்தாப் இப்னு அஸீத் (ரலி) அவர்களுக்கு அப்போது இருபது வயதளவே. நாளொன்றுக்கு ஒரு திர்ஹம் அவருக்கு ஊதியமாக வழங்கப்பட்டது என்று சீரா நூல்கள் குறிக்கின்றன. இளையோரை ஆட்சிப் பணியில் பழக்குவதும், அதற்கு அரசே செலவுத் தொகை கொடுப்பதும் நம் மரபுக்குப் புதியவை அல்ல என்பதற்கு இவ்விரு செய்திகளே போதும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்த வெள்ளையர்கள் கடைநிலையில் ‘எழுத்தர்’ என்ற பெயரில்தான் ஜார்ஜ் கோட்டைக்குள் நுழைந்தனர். 1672-இல் சென்னைக்கு வந்த எலிஹு யேல் என்பவருக்கு ஆண்டுச் சம்பளம் 10 பவுண்டு. கணக்கு எழுதிப் பழகிய அந்த இளைஞர் 1687-இல் இந்தக் கோட்டைக்கே ஆளுநரானார். கோட்டையின் ஆட்சி எழுத்தர் மேசையிலிருந்தே வளர்ந்தது.

சிந்தாதிரிப்பேட்டையும் அந்த ஆட்சியின் ஏற்பாடுதான். கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது. ஆகவே 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து செல்லும் இந்த இடத்தில் நெசவாளர்களைக் குடியேற்றினார்கள். சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். தறியில் அமர்ந்தவர் ஒருவர்; அவர் நெய்த துணிக்குக் கணக்கு எழுதியவர் மற்றொருவர். பேனா யார் கையில் இருந்தது என்பதை இந்தப் பேட்டையின் பிறப்பே நமக்கு உணர்த்துகிறது.

1812-இல் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விளக்கமும் எழுதியவர் இந்த எல்லிஸ். கம்பெனியின் இளம் அதிகாரிகள் மாவட்டங்களுக்குப் போகும் முன் இங்கே தென்னாட்டு மொழிகளைக் கற்றார்கள். இன்று பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை வளாகம் அக்கல்லூரி இயங்கிய இடம். அதனருகே ஓடும் கூவமே கீழே இறங்கி நம் பேட்டையைச் சுற்றிச் செல்கிறது.

இக்கல்லூரியில் வெள்ளையர் மட்டும் பயிலவில்லை. நீதிமன்றப் பணிகளுக்காக இந்துச் சட்டமும் இஸ்லாமியச் சட்டமும் பயின்ற நம் நாட்டு மாணவர்களும் இருந்தார்கள். 1802-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளின்படி அமைந்த நீதிமன்றங்களில் காஜியும் முஃப்தியும் அரசுச் சம்பளம் பெற்ற அலுவலர்கள். அரபும் பிக்ஹும் கற்ற ஆலிமுக்கு அரசாங்கத்தில் ஓர் இருக்கை இருந்த காலம் அது.

அந்த இருக்கை எப்படிப் போயிற்று? இந்தியத் தண்டனைச் சட்டம் 1862-இல் நடைமுறைக்கு வந்தது. 1864-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டம், நீதிமன்றங்களில் இருந்த முஸ்லிம், இந்துச் சட்ட அலுவலர் பதவிகளை நீக்கிவிட்டது. காஜி நியமனத்துக்கே வழியில்லாமற்போய்ப் பின்னர் 1880-இல் காஜிகள் சட்டம் வந்தது. ஆனால் அதன்படி நியமிக்கப்பட்ட காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் இல்லை. அலுவலகத்தின் மொழி ஆங்கிலமாயிற்று. நுழைவதற்குத் தேர்வு வந்தது. நம் முன்னோரில் பலர் புதிய வாசலில் தயங்கி நின்றார்கள். மார்க்கத்தின் மீதான அக்கறையும், ஆட்சியை இழந்த வேதனையும், வறுமையும் அந்தத் தயக்கத்தில் கலந்திருந்தன. அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையைப் பல தலைமுறைகள் கொடுத்தன.

தயங்காதவர்களும் இருந்தார்கள். ஆற்காட்டு நவாப் குலாம் கவுஸ் கான் ஆதரவில் தொடங்கிய மத்ரஸா-இ-ஆஜம், 1855-இல் அவர் மறைந்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளியாயிற்று. 1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, முஸ்லிம் மாணவர்களுக்குத் தனி உதவித்தொகைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1918-இல் அண்ணா சாலை உம்தா பாக்கில் அரசு முகமதியக் கல்லூரி உருவாயிற்று. இன்று அங்கே காயிதே மில்லத் பெயரைத் தாங்கிய அரசு மகளிர் கல்லூரி நடக்கிறது. நம் பேட்டையிலிருந்து நடந்தே போகலாம். அக்கல்லூரியின் முதல்வராக இருந்த கர்னூல் டாக்டர் அப்துல் ஹக், அஃப்ஸலுல் உலமா பட்டம் பெற்ற ஆலிம்; ஆக்ஸ்போர்டு சென்று ஆய்வுப் பட்டமும் பெற்றவர். 1947-இல் கர்னூலில் உஸ்மானியா கல்லூரியை நிறுவியவரும் அவரே. தீனும் துன்யாவும் ஒருவரிடம் சேர்ந்து விளங்க முடியும் என்பதற்கு நம் அண்டையிலேயே கிடைத்த சான்று இது.

உரிமையும் மெல்ல வந்தது. எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்த வகுப்புரிமை ஆணை, அரசுப் பணியில் ஒவ்வொரு 12 இடங்களுக்கும் 2 இடங்களை முஸ்லிம்களுக்கு ஒதுக்கியது. 1929-இல் சென்னை மாகாணப் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. இன்று தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒதுக்கீடு இடத்தைத்தான் காத்து வைக்கும். அதில் அமரும் தகுதியை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் கேட்ட அந்தத் தாய், “அப்போ இந்தப் பயிற்சியில என்ன கிடைக்கும் ஹஜ்ரத்?” என்றார். உள்ளதை உள்ளபடி சொன்னோம். 2022-இல் தொடங்கிய இத்திட்டம் நிரந்தர வேலை தரும் என்ற உறுதி இல்லை. முதல் அணிக்கு 30 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்காணல் என மூன்று படிகள். இரண்டாண்டுக் காலம் மாத உதவித்தொகையுடன் அரசுத் துறைகளின் திட்டங்களில் வேலை செய்ய வேண்டும். திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் பாடம் நடத்துகிறது. ஒரு கோப்பு எப்படி நகர்கிறது, ஒரு திட்டம் ஏழையின் வாசல் வரை ஏன் போகாமல் நின்றுவிடுகிறது என்பதை உள்ளேயிருந்து பார்க்கலாம். புத்தகம் மட்டும் படித்து அதை அறிந்துகொள்வது கடினம்.

குடிமைப் பணித் தேர்வையே குறியாகக் கொண்டவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் தேர்வு வைத்து 1,000 பேரைத் தெரிவு செய்து, முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு வழங்குகிறார்கள். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெறுவோருக்கு 25,000 ரூபாய். பசுமைவழிச் சாலையில் அரசின் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டை நிலையத்தில் பறக்கும் ரயிலில் ஏறினால் பசுமைவழிச் சாலை நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். எழுத்தராக வந்து ஆளுநரான யேல், பதவியைத் தம் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டுகளுக்கு ஆளாகி 1692-இல் அதை இழந்தார். பயிற்சி இருந்தது, பேணுதல் இல்லை. ஜகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய ஒருவர், ‘இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு’ என்ற கருத்தில் பேசியபோது, நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று வினவினார்கள். யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பை ஏற்க முன்வந்தபோது தம்மிடம் இருப்பதாகக் கூறிய தகுதிகள் இரண்டு: பேணிக் காக்கும் தன்மை, அறிவு. அரசு மேசை ஓர் அமானிதம். மத்ரஸாவில் நாம் கற்பிப்பது முதலாவது தகுதிக்கு. கல்லூரியும் பயிற்சியும் இரண்டாவதற்கு.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். இஷாவுக்குப் பின் பள்ளிவாசலை ஒட்டிய ஓர் அறையில் விளக்கைச் சிறிது நேரம் எரிய விடுங்கள். ஒரு தமிழ் நாளிதழ், ஓர் ஆங்கில நாளிதழ், பழைய வினாத்தாள்கள், இணைய வசதியுள்ள ஒரு கணினி ஆகியவை போதும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். அறிவிப்பு வந்தவுடன் வயது, பட்டம், கடைசி நாள் மூன்றையும் ஜும்ஆ அறிவிப்புகளோடு படித்துக் காட்டுங்கள். கடைசி நாள் கடந்த பின் செய்தி அறிந்து வருந்தும் பிள்ளைகளை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

அந்தத் தாய் அன்று உடனே சம்மதம் சொல்லவில்லை. “வீட்டில அவங்க அத்தாகிட்ட பேசிட்டுச் சொல்றேன்” என்று எழுந்தார். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே வந்து, சான்றிதழ் நகல்களைச் சரிபார்த்துத் தருமாறு கேட்டார். அமர்ந்து சரிபார்த்தோம். தேர்வாவதும் ஆகாமற்போவதும் அல்லாஹ்வின் நாட்டம். வாசல்வரை பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்வது நம் கடமை.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அமானிதம் பேணும் உள்ளத்தையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.